ஹரிபுரா கற்பித்த சுவரொட்டிக் கலை

நூலைப் படிப்பவர் அமர்ந்து படிக்கிறார். வானொலி கேட்பவர் செவிகொடுத்துக் கேட்கிறார். சுவரொட்டியைக் காண்பவரோ நடந்துகொண்டே காண்கிறார். அந்தச் சில விநாடிகளில் அவர் உள்ளத்தைத் தொடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு நம் நாட்டு வரலாறே நல்லதொரு விடையை வைத்திருக்கிறது.

காங்கிரஸ் மகாசபை சிற்றூர்களில் கூடவேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். 1936 டிசம்பரில் பைஸ்பூரில் அது முதன்முறையாக நிறைவேறிற்று. அடுத்த மகாசபை 1938 பிப்ரவரியில், குஜராத்தில் தாபி நதிக்கரையிலுள்ள ஹரிபுராவில், சுபாஷ் சந்திர போஸின் தலைமையில் கூடிற்று. அதற்கு அணிசெய்யும் பணியை அடிகள் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவரான ஓவியர் நந்தலால் போஸிடம் ஒப்புவித்தார்.

காணவரும் மக்கள் யாவர்? பெரும்பாலோர் சுற்றுப்புறத்து உழவர்கள். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, எழுதப் படிக்கத் தெரிந்தோர் நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. வாசகங்களை எழுதி மாட்டினால் யார் படிப்பார்? ஆகவே நந்தலால் சொல்லை விடுத்துச் சித்திரத்தை நம்பினார். மாணவரும் துணைநிற்க, ஏறத்தாழ 400 சித்திரங்கள் உருவாயின. அவற்றுள் எண்பதுக்கு மேற்பட்டவை அவர் கைப்படத் தீட்டியவை.

அவற்றில் யாரைக் காண்கிறோம்? மேடைத் தலைவர்களை அல்ல. பஞ்சு கொட்டுபவன், நெல் குற்றும் பெண், செருப்புத் தைப்பவன், தையற்காரன், முரசறைபவன், வீணை மீட்டுபவன் ஆகியோரையே காண்கிறோம். காணவந்த உழவர் தம் வாழ்வையே அங்குக் கண்டார். நாட்டின் விடுதலை யாருக்காக என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அமைப்பும் கருத்துக்கு இசைந்தே நின்றது. கையால் செய்த எளிய தாள். மண்ணிலும் கல்லிலும் கிடைக்கும் வண்ணங்கள். தயக்கமின்றி ஓடும் தடித்த தூரிகைக் கோடு. ஒரு படத்தில் ஓர் உருவம் அல்லது இரண்டு. அதன் மேல் ஒரு வளைவு. பின்புலத்தில் தேவையற்ற பொருள் ஒன்றும் இல்லை. வங்காளத்துப் பட ஓவியர்களின் மரபை அவர் நன்கு பயின்றிருந்தார். திருவிழாக் கூட்டத்தில் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளத்தக்க உருவம் வேண்டும் என்பதை அம்மரபு நெடுங்காலமாக அறிந்திருந்தது.

ஒரே வாசகத்தைப் பல மொழிகளில் பெயர்க்கும் பணியிலுள்ள நமக்கு இதில் தனிப்பட்ட பாடம் ஒன்று உண்டு. ஒரு மொழியில் மூன்று சொல்லில் அடங்குவது மற்றொன்றில் ஏழு சொல்லாக நீளும். எழுத்துச் சிறுக்கும், படம் ஒதுங்கும், முடிவில் சுவரொட்டி ஒரு சுற்றறிக்கையாகிவிடும். தடுப்பூசி போடும் நாளையும் இடத்தையும் எழுதித்தான் ஆகவேண்டும். அதை மறுப்பார் இல்லை. ஆயினும் எழுத்தைத் துடைத்துவிட்டுப் படத்தை மட்டும் நோக்கும்போது கருத்து எஞ்சி நிற்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது நன்று. நில்லாதாயின் மொழிபெயர்ப்பாளரால் அதைக் காப்பாற்ற இயலாது.

சில நாள் கூட்டத்துக்கென, மலிவான தாளில் தீட்டப்பட்ட அச்சித்திரங்களுட் பல இன்று புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2019-ஆம் ஆண்டு வெனிஸ் நகரக் கலைவிழாவில், இந்திய அரங்கிலும் அவை இடம்பெற்றன. ஹரிபுரா உழவருக்கெனத் தீட்டியவற்றை அயல்மொழியினரும் காணமுடிந்தது. எவரும் அவற்றை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.