துறைமுகமும் விமான நிலையமும்: சென்னை வட்டாரத்தில் இன்ஃப்ளூயன்சாவின் புரதவழி வரலாறு (1957 – 2010)

ஆய்வுச் சுருக்கம்

சென்னை வட்டாரத்தின் இன்ஃப்ளூயன்சா வரலாறு, நோய் எவ்வழியே நுழைந்தது என்னும் கேள்வியை மையமாகக் கொண்டே பெரிதும் பேசப்படுகிறது. நுழைந்த வைரஸின் மேற்பரப்புப் புரதங்கள் எவை, அவற்றை மக்களின் உடல் முன்பே அறிந்திருந்ததா என்னும் கேள்விகளையும் சேர்த்தே அவ்வரலாறு எழுதப்பட வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இன்ஃப்ளூயன்சா, ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ், கிண்டி, குன்னூர், தடுப்பூசி

முன்னுரை

சென்னையின் தென்புறநகர்ப் பகுதி மருத்துவ வரலாற்றில் தனி இடம் பெற்றது. அம்மைப்பால் தயாரிப்பதற்கென 1899இல் தொடங்கப்பட்ட கிங் நிலையம் கிண்டியில் உள்ளது. டாக்டர் சௌரி முத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனையால் தாம்பரத்தின் ஒரு பகுதி இன்றும் சானடோரியம் என்றே வழங்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் மீனம்பாக்கம் விமான நிலையமும், அதனை அடுத்துப் பொழிச்சலூர், பம்மல், பல்லாவரம் முதலிய நெருக்கமான குடியிருப்புகளும் அமைந்துள்ளன. ஆய்வுக்கூடம், நுரையீரல் மருத்துவமனை, பன்னாட்டு நுழைவாயில் ஆகிய மூன்றும் அருகருகே அமைந்த இவ்வட்டாரம், சுவாச நோய்களின் வரலாற்றை ஆராய ஏற்ற களமாகும்.

இரு புரதங்கள்

இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ் என்னும் இரு முதன்மைப் புரதங்கள் உள்ளன. முன்னது சுவாசப்பாதைச் செல்களிலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொண்டு வைரஸை உள்ளே நுழையச் செய்கிறது. பின்னது அதே அமிலத்தை வெட்டி, செல்லில் உருவான புதிய வைரஸ்களை விடுவிக்கிறது. ஆகவே முதற்புரதத்தின் தலைப்பகுதிக்கு எதிராக உடலில் தோன்றும் எதிர்ப்பொருள்கள் தொற்றையே தடுக்க வல்லவை. இரண்டாம் புரதத்துக்கு எதிரானவை பெரும்பாலும் தொற்றைத் தடுப்பதில்லை. எனினும் உடலுக்குள் அதன் பரவலையும் கடுமையையும் குறைக்கின்றன. எச்1என்1, எச்2என்2 முதலிய பெயர்களில் வரும் எச், என் என்னும் எழுத்துகள் முறையே இவ்விரு புரதங்களையும் குறிக்கும்.

1957: துறைமுகம்

1957 மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த கப்பலில் காய்ச்சல் கண்ட பயணிகள் இருந்தனர். இந்தியாவில் ஆசியக் காய்ச்சலின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையத்தைச் சேர்ந்த ஐ.ஜி.கே. மேனன் அப்பரவலை ஆவணப்படுத்தினார். அவர் அளித்த கணக்கின்படி, 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை நாட்டில் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் பதிவாகியுள்ளது. பதிவுக்கு வராதவை இவற்றில் அடங்கா.

பரவலின் விரைவுக்குப் போக்குவரத்து மட்டும் காரணமன்று. 1918 முதல் மனிதரிடையே உலவியது எச்1என்1 வகை. 1957இல் வந்த எச்2என்2 வைரஸில் இரு மேற்பரப்புப் புரதங்களுமே புதியவை. எனவே பெரும்பாலோரின் குருதியில் அதனை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் இல்லை. ஆயினும் நெதர்லாந்தில் முல்டர், மசுரல் ஆகியோர் 1958இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விதிவிலக்கைக் காட்டியது. கொள்ளைநோய்க்கு முன்பே சேகரிக்கப்பட்ட முதியோரின் குருதிச் சீரத்தில் அப்புதிய வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் காணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதனை ஒத்த வைரஸ் உலவியிருக்கலாம் என்னும் கருத்து இதனால் எழுந்தது. ஏட்டில் இடம்பெறாத நோய் வரலாற்றுக்குக் குருதி சான்றாக நின்றது எனலாம்.

1968இல் தோன்றிய எச்3என்2 இவ்வாதத்துக்கு மேலும் வலு சேர்க்கிறது. அதில் ஹீமக்ளூட்டினின் மட்டுமே மாறியது, என்2 நீடித்தது. முந்தைய பதினோராண்டுகளில் மக்கள் பெற்றிருந்த என்2 எதிர்ப்பொருள்கள் அக்கொள்ளைநோயின் கடுமையைத் தணித்திருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

2009: விமான நிலையம்

2009இல் நுழைவாயில் கடலிலிருந்து வானுக்கு மாறியது. மீனம்பாக்கத்தில் பயணிகள் பரிசோதிக்கப்பட்டனர். கிண்டி கிங் நிலையம் மாதிரிகளைச் சோதித்தது. நோய் அறிகுறி தோன்றுவதற்கு முன்பே தொற்றைப் பரப்ப இயலும் என்பதால் வாயிற்காவல் பரவலைத் தாமதப்படுத்தலாமேயன்றி முற்றிலும் தடுக்க இயலாது. ஆகஸ்டில் சென்னையில் சிறுவன் ஒருவன் இறந்தது மாநிலத்தை உலுக்கியது.

உலகளவில் அவ்வாண்டு முதியோரைவிட இளையோரே மிகுதியாகத் தொற்றுக்கு ஆளாயினர். புதிய எச்1என்1 வைரஸின் ஹீமக்ளூட்டினின் தலைப்பகுதி 1918 வைரஸின் தலைப்பகுதியைப் பெரிதும் ஒத்திருந்தமை பின்னர் கண்டறியப்பட்டது. 1918 வழித்தோன்றல்களை இளமையில் எதிர்கொண்டவர்களின் உடல் அவ்வடிவத்தை மறந்திருக்கவில்லை. 1957இல் நெதர்லாந்து முதியோரிடம் கண்ட உண்மையே இங்கு வேறொரு புரத வடிவத்தின் வழியாக மீண்டும் வெளிப்பட்டது.

தடுப்பூசியும் பருவமும்

2010இல் இந்தியாவிலேயே தயாரான எச்1என்1 தடுப்பூசிகள் பயன்பாட்டுக்கு வந்தன. சைடஸ் காடிலாவின் ஊசி மருந்தும், சீரம் நிறுவனத்தின் மூக்குவழி மருந்தும் அவற்றுள் அடங்கும். வழக்கமான செயலிழந்த வைரஸ் தடுப்பூசியின் வீரியம் ஹீமக்ளூட்டினின் அளவைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. நியூராமினிடேஸுக்கு அத்தகைய அளவுகோல் இல்லை. 1968 தரும் பாடத்தை நோக்க, இது கவனத்துக்குரிய குறையாகும். எளிதில் மாறும் தலைப்பகுதியை விடுத்து, அதிகம் மாறாத தண்டுப்பகுதியைக் குறிவைக்கும் ஆய்வுகளும் இப்போது நடைபெறுகின்றன.

காலமும் இங்கு முக்கியமானது. வட இந்திய நகரங்கள் பலவற்றில் இன்ஃப்ளூயன்சா தென்மேற்குப் பருவமழையை ஒட்டி உச்சமடைய, சென்னையிலும் வேலூரிலும் அது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி உச்சமடைவதாகக் கண்காணிப்பு ஆய்வு காட்டுகிறது. எனவே நாடு முழுமைக்கும் ஒரே தடுப்பூசிக் காலம் பொருந்தாது.

முடிவுரை

1957இன் துறைமுகமும் 2009இன் விமான நிலையமும் வைரஸ் வந்த வழியை விளக்குகின்றன. யார் நோயுற்றார், யார் தப்பினார் என்பதை அவை விளக்கா. அதற்கு விடை, ஒவ்வொரு தலைமுறையும் இளமையில் எதிர்கொண்ட புரத வடிவங்களில் உள்ளது. எனவே நோய்ப் பதிவேடுகளை ஆராய்வோர் எண்ணிக்கையோடு நோயாளரின் பிறப்பாண்டையும் கருத்தில் கொள்வது அவசியம். பொழிச்சலூர் முதல் தாம்பரம் வரை, நுழைவாயிலை ஒட்டி வாழும் மக்களிடையே வயதுவாரியான குருதிச் சீர ஆய்வுகள் தொடர்ந்து நடைபெறுமாயின், அவை வரலாற்றுக்குச் சான்றாகவும் அடுத்த கொள்ளைநோய்க்கு முன்னறிவிப்பாகவும் அமையும்.