ஆராதனை முடிந்ததும் ஒரு ராஜ உத்தரவு

போன மாசம் ஓசூரில் நண்பர் ஒருவரின் தங்கைக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். போயிருந்தேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சிப்காட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள். ஆராதனை முடிந்து, ஜனம் கலைவதற்குள் அறிவிப்பு. மொத்தக் கூட்டமும் காது கொடுக்கிற நேரம் அது.

அந்த நேரத்தின் அருமை தெரிந்த ராஜா ஒருவர் உண்டு: இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ். குடி, சூதாட்டம், கெட்ட வார்த்தை, ஆபாசப் புத்தகம், ஆராதனை நேரத்தில் திறந்திருக்கும் சாராயக்கடை எல்லாவற்றையும் ஒடுக்கச் சொல்லி 1787 ஜூன் 1-ல் ஒரு பிரகடனம் வெளியிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேகூட சீட்டாடக் கூடாது. பாதிரியார்கள் இதை வருஷத்துக்கு 4 முறையாவது ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் வாசிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டில் ராஜாவின் குரல் கிராமம்வரை போக இதைவிட நல்ல வழி கிடையாது.

இது ஜார்ஜ் கண்டுபிடித்ததும் இல்லை. அவருக்கு முன்பிருந்த ராஜா ராணிகளும் இப்படிப் பிரகடனம் போட்டிருக்கிறார்கள். 1787-ல் அதற்குப் புது உயிர் கொடுக்கவைத்தவர், பின்னாளில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பேர் வாங்கிய வில்லியம் வில்பர்போர்ஸ். அதை அமல்படுத்தவே ஒரு சங்கமும் ஆரம்பித்தார்.

சரி, பலன்? அங்கேதான் இடிக்கிறது. அதே 1787-ல் ராஜாவின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர், ஆடம்பரமாக வாழ்ந்து சேர்த்த கடனை அடைக்க நாடாளுமன்றம் 1,61,000 பவுண்டு கொடுத்தது. பீர், ஜின் மீதான வரி வழக்கம்போல கஜானாவுக்கு வந்துகொண்டே இருந்தது. 1802-ல் இதே பாதையில் வந்த இன்னொரு சங்கத்தைப் பார்த்து சிட்னி ஸ்மித் என்ற பாதிரியாரே கிண்டலடித்தார்: வருஷம் 500 பவுண்டுக்குக் கீழே சம்பாதிக்கிறவர்களின் தப்பு மட்டும்தான் இவர்கள் கண்ணில் படுமாம்!

பிரசங்க மேடையில் ஒழுக்கம் பேச ராஜாவுக்கு ஒரு காசும் செலவில்லை. செலவு எல்லாம் கேட்கிறவனுக்குத்தான்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. ராஜாஜி பிறந்த ஊர். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்றைக்கு சேலம் மாவட்டம்தான். கள், சாராய வருமானம் போனால் அரசாங்கம் எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில், 1939-ல் வந்த விற்பனை வரி. மதுவிலக்கு சரியா தப்பா என்பது வேறு விவாதம். போலீஸை வைத்து ஒழுக்கத்தைக் கொண்டுவர முடியுமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் அடுத்தவனைக் குடியை விடச் சொன்ன அரசாங்கம், முதலில் தன் குடி வருமானத்தை விட்டது.

2003 முதல் அந்தச் சில்லறை வியாபாரத்தை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. பாட்டில் மேலேயே முன்பு 'மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்கு கேடு' என்று அச்சடித்திருந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மூன்றாம் ஜார்ஜ் ஞாபகம்தான் வருகிறது.