டாப் ஸ்டேஷன்: கீழிருந்து படிக்க வேண்டிய பெயர்

அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவில் எங்கெங்கே போகலாம் என்று பயண இதழ்கள் பட்டியல் போடும்போது நைரோபியும் இடம்பெறுவதுண்டு. அந்த நகரம் எழுந்ததே ரயிலால்தான். 1899-ல் மொம்பாசாவிலிருந்து உகாண்டா ரயில்பாதை போட்டுக்கொண்டு வந்தவர்கள் அங்கே கிடங்கு அமைத்தார்கள், ஊர் வளர்ந்தது. ஆனால் பெயரில் ரயில் வாசனையே இல்லை. அது குளிர்ந்த நீரைக் குறிக்கும் மாசாய் சொல்.

போடிநாயக்கனூருக்கு மேலே மலை விளிம்பில் இருக்கும் டாப் ஸ்டேஷன் இதற்கு நேர்மாறு. ரயில் போய் நூறாண்டு ஆயிற்று. பெயர் மட்டும் இறங்க மறுக்கிறது.

மூணாறிலிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் 'டாப்' என்றால் மலையின் உச்சி என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். உச்சி என்றால் ஆனைமுடி இருக்கிறது, 2,695 மீட்டர். பக்கத்துக் கொழுக்குமலைகூட டாப் ஸ்டேஷனைவிட உயரம்தான். 'ஸ்டேஷன்' என்பதையும் ஊட்டி, கொடைக்கானல் போன்ற 'ஹில் ஸ்டேஷன்' கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் பொருளும் பழையதே: ரயில் வருவதற்கு முன்பே வெள்ளைக்கார அதிகாரிகள் தாங்கள் குடியிருந்த ஊரை ஸ்டேஷன் என்றார்கள். நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். வடமொழி 'ஸ்தானம்' அதற்கு ஒன்றுவிட்ட உறவு. போலீஸ் 'தாணா'வும் இந்தி வழியாக வந்த அதே குடும்பம்தான். நம் பேச்சில் ஸகரம் உதிர்ந்து 'டேசன்' ஆயிற்று.

ஆனால் இந்த மலையில் நின்றது அதிகாரி அல்ல, தேயிலைப் பெட்டி. 1902-ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக இங்கே ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. பாரத்தின் பெரும்பகுதி ஒரே தண்டவாளத்தின் மேல். வண்டி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருளும். இழுத்தது மாடு. 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டார்கள். அந்தப் பாதை முடிந்த இடத்தில் மலையும் செங்குத்தாக முடிந்தது. அங்கிருந்து பெட்டிகள் சுமார் ஐந்து கிலோமீட்டர் கம்பிவடத்தில் தொங்கியபடியே கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு. கம்பிவடத்தின் கீழ் முனை பாட்டம் ஸ்டேஷன், மேல் முனை டாப் ஸ்டேஷன். பெயரின் கதை இவ்வளவுதான். உயரத்தைப் பற்றிய பெருமை அதில் கிடையாது. வடத்தின் எந்த முனை என்று சொல்லும் குறிப்பு, அவ்வளவே.

1924-ல் வந்த பெருவெள்ளம் ரயில்பாதையை அடித்துப் போனது. மலையாளிகள் இன்னும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்கிறார்களே, கொல்லம் ஆண்டு 1099, அதுதான். வேடிக்கை என்னவென்றால், போடிக்கு ரயில் வந்தது 1928-ல். கீழே ரயில் வந்தபோது மேலே ரயில் இல்லை.

இருந்த இரண்டு பெயர்களில் 'பாட்டம் ஸ்டேஷன்' ஏன் மங்கிப்போனது? எனக்குத் தோன்றுவது இது: கீழே ஏற்கெனவே கொட்டகுடி இருந்தது, அதே பெயரில் ஆறும் ஓடிப் போடிக்கு வந்தது. வாயில் பழகிய பெயர் இருக்கும்போது தேயிலைக் கம்பெனிக்காரன் ஒட்டிய சீட்டு எத்தனை நாள் தாங்கும்? நைரோபியிலும் தண்ணீரின் பெயர்தானே ஜெயித்தது. மேலே சீட்டு ஒட்டிக்கொண்டது. ஜோடியில் கீழ்ப்பாதி போனதும், மிஞ்சிய 'டாப்' தனியாக நின்று உச்சி என்று பொருள் மாறியது. சுற்றுலாவுக்கும் அது வசதியாகப் போயிற்று.

இன்று இடம் தேனி மாவட்டம், தார்ச்சாலையோ கேரளத்தின் வழியே. போடிக்காரர்களே போடிமெட்டு ஏறி, பூப்பாறை, மூணாறு, மாட்டுப்பட்டி என்று சுற்றித்தான் போகவேண்டும். பெயர் பிறந்த திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து போய்ச் சேருவார்கள். பெயர் புரிய, மலையடிவாரக் குரங்கணியிலிருந்து ஏறவேண்டும். 2018 மார்ச் 11-ல் அந்த மலைச்சரிவில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் உயிரிழந்த பிறகு வனத்துறையின் கெடுபிடி கூடியிருக்கிறது. அனுமதி இல்லாமல் காலெடுத்து வைக்கக்கூடாது.

அந்த நடைபாதையில், கீழுக்கும் மேலுக்கும் நடுவே ஒரு சிற்றூர். அதற்குப் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். 2023 ஜூன் முதல் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேரடி ரயில் உண்டு. ஆகவே சென்ட்ரலில் ஏறி, போடியில் இறங்கி, கால் வலிக்க நடந்து மறுபடி சென்ட்ரலுக்கே போய்ச் சேரலாம். அங்கே டிக்கெட் கேட்க ஆள் இல்லை.