ஆசியாவுக்கு டிக்கெட் யாருக்கு?

இங்கே ஜெர்மனி ஆபீசில் எப்பவும் லீக்கில் முதல் நாலு இடம் யாருக்கு என்றுதான் பேச்சு. 1955ல் ஐரோப்பியக் கோப்பை தொடங்கியபோது இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை பார்த்து அழைத்த அணிகள்தான். ஸ்காட்லாந்தில் ஐந்தாவதாக வந்த ஹிபர்னியன் அரையிறுதி வரை போனது!

நம்மூர்க் கதை இன்னும் வேடிக்கை. (சித்தூர்க்காரன் எனக்கு மாநிலம் ஆந்திரா, டீம் சென்னை. திருப்பதி நண்பர்களும் அப்படித்தான்.) 2014ல் ஆரம்பித்த ஐ.எஸ்.எல்.லுக்கு ஆசியக் கூட்டமைப்பு அங்கீகாரம் கொடுத்தது 2017-18ல்தான். அந்த சீசனில் லீக்கில் பெங்களூரு 40 புள்ளி, சென்னையின் 32. ஆனால் 2018 மார்ச் 17 இறுதிப்போட்டியில், அவர்கள் ஊரிலேயே, சென்னையின் 3-2 என ஜெயித்தது. ஏ.எஃப்.சி. கோப்பை வாய்ப்பும் ஜெயித்தவருக்கே. அடுத்த வருஷம் லீக்கில் கடைசியாக வந்த கையோடு கொழும்பு எஃப்.சி.யை வென்று குரூப் சுற்றுக்கும் போனது. என்னத்த சொல்ல!

அதே 2019 மார்ச்சில் கோவையில் சென்னை சிட்டி, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக்கை வென்றது. பரிசு, ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்று. பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1.

2019-20ல் லீக் முதலிடத்துக்கே சாம்பியன்ஸ் லீக் என்று மாற்றினார்கள், எஃப்.சி. கோவா போனது. 18 ஆட்டம் ஓடியவனுக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி. 2018லேயே இந்த விதி இருந்திருந்தால் நம்மாளுக்கு டிக்கெட் கிடைத்திருக்காது, அது வேற விஷயம் :-)