ரோச்செஸ்டர், நியூயார்க்

ரோச்செஸ்டர் ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில் அமைந்துள்ள ஒரு நகரமாகும். ஜெனசீ ஆறு இதன் நடுவே அருவியாக விழுந்து ஏரியில் கலக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள் தொகை 2,11,328 ஆகும். மாநிலத்தில் நீண்டகாலம் மூன்றாம் இடத்தில் இருந்த இந்நகரம், அக்கணக்கெடுப்பில் 241 பேர் வேறுபாட்டில் யாங்கர்சுக்கு அடுத்த நான்காம் இடத்துக்குச் சென்றது.

மக்கள் தொகை

1950 இல் 3,32,488 பேர் வாழ்ந்தனர். அதன்பின் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் எண்ணிக்கை குறைந்து 2010 இல் 2,10,565 ஆனது. 2020 இல் காணப்பட்ட 763 பேர் உயர்வு எழுபது ஆண்டுகளில் முதலாவதாகும். எனினும் மக்கள் இவ்வட்டாரத்தை விட்டே போய்விட்டதாகக் கொள்ளக்கூடாது. பெரும்பகுதியினர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். பெருநகரப் பகுதியின் மக்கள் தொகை இன்றும் 10 இலட்சத்துக்கு மேல் உள்ளது.

19 ஆம் நூற்றாண்டில் ஐரிஷ், ஜெர்மானியர், பின்னர் இத்தாலியர், யூதர் ஆகியோர் குடியேறினர். கறுப்பினத்தவர் 1950 இல் 8,000 பேருக்கும் குறைவாகவே இருந்தனர். தென் மாநிலங்களிலிருந்து வந்தவர்களால் 1960 இல் ஏறத்தாழ 24,000 ஆயினர். புவேர்ட்டோ ரிக்கோ வழியினரும் கணிசமாக வாழ்கின்றனர். இன்று எந்த இனத்தவரும் நகரில் பெரும்பான்மையினர் அல்லர்.

தொழிலும் வேலைவாய்ப்பும்

1820களில் ஈரி கால்வாய் வந்தபின், அருவியின் விசையால் இயங்கிய மாவு ஆலைகளால் நகரம் செழித்தது. பின்னர் நாற்றுப்பண்ணைகளும் ஆயத்த ஆடைத் தொழிலும் வளர்ந்தன. மூக்குக் கண்ணாடி செய்துவந்த பாஷ் அண்ட் லாம்ப் 1853 இலும், பின்னாளில் ஜெராக்ஸ் எனப் பெயர் மாறிய ஹாலாய்ட் 1906 இலும் இங்கே தொடங்கப்பட்டன.

ஆயினும் நகரின் வாழ்வைத் தீர்மானித்தது ஜார்ஜ் ஈஸ்ட்மன் நிறுவிய கோடக் நிறுவனமே. (கோடக் என்பது பொருளற்ற சொல், ஈஸ்ட்மன் தாமே உருவாக்கியது.) 1912 முதல் ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் இலாபத்தில் பங்கு வழங்கப்பட்டது. அத்தொகை வரும் நாளை ஊழியர் மட்டுமன்றிக் கார் வணிகர்களும் எதிர்பார்த்திருந்தனர்.

இந்தச் செழிப்பு எல்லோரையும் எட்டவில்லை. கறுப்பினத்தவருக்கு ஆலைகளில் வேலை அரிதாகவே கிடைத்தது. 1964 ஜூலையில் மூன்று நாட்கள் கலவரம் நிகழ்ந்து, தேசியக் காவல்படை வரவழைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிராங்க்ளின் புளோரன்ஸ் தலைமையில் 'ஃபைட்' என்னும் அமைப்பு உருவானது. 1966 டிசம்பரில் 600 பேருக்கு வேலையளிக்க அதனுடன் கோடக் அதிகாரி ஒருவர் ஒப்பந்தம் கையெழுத்திட்டார். இரண்டே நாட்களில் நிறுவனம் அதனை ஏற்க மறுத்தது. அமைப்பினர் 1967 இல் பங்குதாரர் கூட்டம் வரை சென்று போராடிய பின்னரே இணக்கம் ஏற்பட்டது. ஆக, அவர்களில் பலருக்கு ஆலைக் கதவு திறந்தபோது, ஆலையின் பொற்காலத்தில் அதிகம் மிச்சமிருக்கவில்லை.

1982 இல் ரோச்செஸ்டர் வட்டாரத்தில் 60,400 பேர் கோடக்கில் பணியாற்றினர். 2012 இல் அந்த எண்ணிக்கை 7,000க்கும் கீழே இருந்தது. 1975 இல் கோடக்கின் பொறியாளர் ஸ்டீவ் சாசன் இதே நகரில் முதல் கையடக்க டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதனைப் பயன்படுத்தத் தவறியதே வீழ்ச்சிக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஆட்குறைப்பு 1980களிலேயே, பிலிம் விற்பனை நன்றாக இருந்தபோதே, ஜப்பானின் ஃபியூஜி நிறுவனத்தின் போட்டியால் தொடங்கிவிட்டது.

2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்புக் கோரியது. அவ்வாண்டு இறுதியுடன், ஓய்வுபெற்றோரும் அவர்களைச் சார்ந்தோருமான ஏறத்தாழ 56,000 பேரின் மருத்துவச் சலுகைகள் நிறுத்தப்பட்டன. 2013 செப்டம்பரில் மிகச் சிறிய நிறுவனமாக அது திவால் நிலையிலிருந்து மீண்டது.

இன்று வட்டாரத்தின் மிகப்பெரிய வேலையளிப்பவர் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனைகளுமாகும். அதன் மருத்துவக் கல்லூரி 1920களில் ஈஸ்ட்மனின் நன்கொடையால் அமைந்தது. வெக்மன்ஸ் மளிகைக்கடைத் தொடரின் தலைமையகமும் இவ்வட்டாரத்திலேயே உள்ளது. மருத்துவமனை வேலைகள் பல பட்டப்படிப்பைக் கோருபவை; பள்ளிப் படிப்புடன் ஆலையில் சேர்ந்து வீடு வாங்கிய தலைமுறைக்கு இவை ஈடாகவில்லை. குழந்தை வறுமை மிக அதிகமுள்ள அமெரிக்க நகரங்களுள் ரோச்செஸ்டரும் ஒன்றாகும்.

காது கேளாதோர் சமூகம்

1876 முதல் இங்கே காது கேளாதோர் பள்ளி இயங்கி வருகிறது. 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த காது கேளாதோருக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் ஓர் உறுப்பாக 1968 இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. படித்த பலர் நகரிலேயே தங்கியதால், மக்கள் தொகை விகிதத்தில் காது கேளாதோர் மிகுதியாக வாழும் அமெரிக்க நகரங்களுள் ஒன்றாக இது விளங்குகிறது.