அச்சத்தை அளந்த மன்றங்கள்

தக்க காரணமுள்ள அச்சத்தால் தாய்நாடு நீங்கியவனே அகதி என்பது, மலேசியா ஒப்பமிடாத 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வரையறை. அவ்வச்சத்தை எவ்வாறு அளப்பது? பிரிட்டன் புகலிடம் மறுத்த ஈழத்தமிழர் அறுவரின் வழக்கில் இவ்வினா எழுந்தது. அவர்கள் நாடியது நீதிமுறை மறுஆய்வு. அது மேன்முறையீடன்று, மறுத்தவர் சட்டநெறி பிறழ்ந்தாரா என்பதையே காணும்.

அஞ்சுவோர் உள்ளமே அளவுகோல் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். பிரபுக்கள் சபையோ, அச்சத்திற்குப் புறச்சான்று வேண்டுமென 16.12.1987இல் அத்தீர்ப்பை மாற்றிற்று. அறுவருள் ஐவர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். நாட்டைவிட்டு நீங்கிய பின்னரே அவர்கள் மேன்முறையீடு செய்ய இயலும், விந்தையான சட்டந்தான்! 1989 மார்ச்சில் அதனை விசாரித்த நடுவர், அவர்கள் அச்சம் தகுந்ததே எனக் கண்டார்.

எனினும், மறுஆய்வே போதிய பரிகாரம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 30.10.1991இல் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளுள் இருவர் அதற்கு உடன்படவில்லை.