சவரக் காயமும் சாபக் கதையும்

1923 ஏப்ரல் 5ஆம் திகதி கெய்ரோ நகரில் கார்னாவன் பிரபு காலமானார். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான் ஹவார்ட் காட்டர் என்ற தொல்லியலாளர் துட்டன்காமன் மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்திருந்தார். அந்த அகழ்வாய்வுக்குப் பணம் கொடுத்தவர் கார்னாவன். மன்னனின் உறக்கத்தைக் கலைத்தவரைச் சாபம் பிடித்துக்கொண்டதென உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. எமது தொழிலைச் சேர்ந்தவர்களின் கைவண்ணம் அது. நல்ல தலைப்பொன்று அகப்பட்டால் நாங்கள் இலேசில் விட்டுவிடுவதில்லை.

நடந்தது என்னவோ மிகச் சாதாரணமானது. பிரபுவின் கன்னத்தில் நுளம்பு கடித்திருந்த இடத்தைச் சவரக் கத்தி கீறிவிட்டது. கீறல் வழியே கிருமி புகுந்தது, இரத்தத்தில் நஞ்சேறியது, பின்னர் நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தது 1928இல். அது சாதாரண மக்களுக்கு மருந்தாகக் கிடைத்தது 1940களில்தான்.

இது தனியொரு சம்பவமும் அன்று. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் அண்ணன் ஜோன், சவரக் கத்தியைத் தீட்டும்போது விரலை வெட்டிக்கொண்டார். பத்து நாட்களுக்குள், 1842 ஜனவரியில், ஏற்புவலி கண்டு தம்பியின் கைகளில் உயிர் துறந்தார்.

இன்று கடையில் நின்று முகர்ந்து பார்த்து, வாசனைக்காக மட்டும் நாம் தெரிவுசெய்யும் ஆஃப்டர் ஷேவ் லோஷனுக்குப் பின்னால் இந்த மரண பயம் இருக்கிறது. சவரத்தின் பின் முகத்தில் எதையாவது பூசுவது ஆதியில் அலங்காரமன்று, வைத்தியம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியின் பிளினி, சவரக் காயத்துக்குச் சிலந்தி வலையை வைக்கும் முறையைக் குறித்துவைத்தார். இங்கிலாந்தில் 1540 முதல் 1745 வரை முடிதிருத்துவோரும் சத்திரசிகிச்சை செய்வோரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். நம்மிடமும் இந்த உறவு சொல்லிலேயே தங்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியரையும் சவரத் தொழிலாளியையும் 'பரியாரி' என்ற ஒரே சொல்லால் அழைத்தார்கள். அந்தச் சொல்லைப் பின்னாளில் ஒருவருக்கு மரியாதையாகவும் மற்றவருக்கு இழிவாகவும் உச்சரித்தது நமது சமூகத்தின் சாதனை.

அந்தப் பரியாரியின் பெட்டியில் இருந்த மருந்து படிகாரம். நமது பேச்சில் சீனக்காரம். அதிலுள்ள அலுமினியம் புரதத்தை உறையச் செய்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. மேற்கிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சலூன்களில் 'பே றம்' என்ற திரவம் பெயர்பெற்றிருந்தது. கரிபியன் தீவுகளில் ஒருவகை மரத்தின் இலையை றம் மதுவில் இட்டு வடித்தது அது.

இவை சலூனிலிருந்து வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் முதலாம் உலகப்போர். கிங் ஜில்லெட் 1903இல் விற்றது வெறும் 51 ரேஸர்களும் 168 பிளேட்டுகளுமே. 1918இல் அமெரிக்க அரசு தனது படையினருக்காக அவரது கம்பனியிடம் கேட்டது 35 இலட்சம் ரேஸர்கள், 3 கோடியே 60 இலட்சம் பிளேட்டுகள். தாடியிருந்தால் நச்சுவாயு முகமூடி முகத்தில் சரியாக ஒட்டாது. கோடிக்கணக்கான ஆண்கள் தாமே சவரம் செய்யப் பழகியபின் பரியாரியின் போத்தலும் அவர்களோடு குளியலறைக்குள் வந்தது. அமெரிக்காவில் அக்வா வெல்வா 1917இல் சந்தைக்கு வந்தது. ஆண்களுக்கான ஓல்ட் ஸ்பைஸ் 1938இல்.

இலங்கையில் அந்த வெண்ணிறப் போத்தலும் அதிலுள்ள பாய்க்கப்பலும் என் தலைமுறைக்கு அறிமுகமானது 1977இன் பின்னர். அதற்கு முந்திய ஏழாண்டுகள் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். திறந்த பொருளாதாரம் வந்தது. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் விடுமுறையில் வந்தார்கள். போத்தல்கள் கண்ணாடி அலுமாரியில் ஏறின. கலியாண வீட்டுக்குப் போகும்போது மாத்திரம் இரண்டு சொட்டு. 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது சவர்க்காரமே அரும்பொருளாகியது. லோஷனை யார் நினைத்தார்? சலூன்களில் சீனக்காரக் கட்டி மட்டும் எஞ்சியது.

பூசியதும் சுள்ளென்று எரிந்தால்தான் நல்ல லோஷன் என்று என் தந்தையாரின் தலைமுறை நம்பியது. கார்னாவன் காலத்து மனிதனுக்கு அந்த எரிவு அர்த்தமுள்ளது. கையில் வேறு மருந்தில்லை. நமக்கு அப்படியன்று. வெப்பத்தை உணரும் நரம்பு ஏற்பி வழக்கமாக 42 பாகை செல்சியஸ் அளவில்தான் தூண்டப்படும். மதுசாரம் பட்டால் அது 34 பாகையிலேயே, அதாவது தோலின் இயல்பான சூட்டிலேயே, தூண்டப்பட்டுவிடுகிறது. 2002இல் வெளியான ஆய்வு இது. மெந்தோலின் குளிர்ச்சியும் அவ்வாறே. குளிரை உணரும் ஏற்பியை அது ஏமாற்றுகிறது. அந்த ஏற்பியையும் 2002இல் அடையாளம் கண்டார்கள். அதில் பங்குகொண்ட டேவிட் ஜூலியஸ், சூட்டையும் குளிரையும் உணரும் ஏற்பிகள் பற்றிய ஆய்வுக்காக 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எரிவும் குளிர்ச்சியும் உணர்வுகளே. அவற்றால் காயம் ஆறுவதில்லை.

தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்று அமிலத்தன்மையானது. சவர்க்காரம் காரத்தன்மையானது. கத்தியோ மயிரோடு மேற்தோலையும் சிறிது வழித்தெடுக்கிறது. அதன்மேல் மதுசாரத்தை ஊற்றினால் எஞ்சிய எண்ணெய்ப் பசையும் போய்விடும். ஆகவே உலர்ந்த தோலுடையவர்கள் 1980களில் பரவத் தொடங்கிய மதுசாரமற்ற 'பாம்' வகையைத் தெரிவுசெய்வதே உத்தமம். எண்ணெய்ப் பசையான முகத்துக்கு மென்மையான லோஷன் பாதகமில்லை. எதுவாயினும் முதலில் குளிர்ந்த நீரால் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும்.

நம்மைப்போன்ற வெயில் நாட்டவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்றுண்டு. ஓடிகொலோன் போன்ற நறுமண நீர்களில் சேர்க்கப்படும் பெர்கமொட் எண்ணெயில் வெயில் பட்டால் தோல் கருகிப் படலம் விழுவதை 1916இலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது பல நிறுவனங்கள் அந்தக் கூற்றை நீக்கிய எண்ணெயையே சேர்க்கின்றன. எல்லாமும் அல்ல. மத்தியான வெயிலில் புறப்படுபவர் வாசனையைச் சட்டையில் தெளித்துக்கொள்ளலாம்.

சலூன்களில் எயிட்ஸ் அச்சம் பரவிய பிறகு பிளேட்டை ஆளுக்காள் மாற்றப் பழகிவிட்டார்கள், நல்லது. ஆனால் சீனக்காரக் கட்டி பல இடங்களில் இன்னமும் ஒன்றுதான். காலையில் வந்தவரின் இரத்தம் பட்ட அதே கட்டி மாலையில் வருபவரின் வெட்டில் உரசப்படுகிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் தொற்றும் வல்லமையுடன் இருக்கக்கூடியது. நாட்டு மருந்துக் கடையில் சொற்ப காசுக்கு வாங்கிய துண்டொன்றை நான் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துச் செல்கிறேன். சலூன்காரத் தம்பி முதலில் சிரித்தார். இப்போது கதிரையில் அமர்ந்ததும், "ஐயா, கட்டி கொண்டு வந்தனீங்களோ?" என்று அவரே கேட்கிறார்.